திறவாப் பெட்டியும் வாழைக்குட்டியும்: ஸ்காபரோ ரொக்கெட் இயல் பற்றிய ஓர் ஆய்வு

பாயிரம்

நூலின் பாயிரத்தில் எட்டுச் செய்திகளைச் சொல்லிவிட வேண்டும் என்பது நன்னூலார் விதி. எட்டில் எனக்குத் திட்டமாகத் தெரிந்தவை மூன்றுதான். எல்லை: வடக்கே ஸ்ரீல்ஸ் அவெனியூ, தெற்கே ஒன்ராறியோ ஏரி, மேற்கே விக்ரோறியா பார்க், கிழக்கே ரூஜ் ஆறு; அதாவது ஸ்காபரோ. கேட்போர்: கராஜில் கார் விட இடமில்லாமல் பனிக்காலம் முழுக்க வெளியே நின்று கார்க் கண்ணாடி சுரண்டும் குடும்பத்தினர். பயன்: மேற்படி குடும்பத்தினருக்கு யாதொன்றும் இல்லை.

நுதலிய பொருளைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மாதிரி ரொக்கெட் என்பது கடதாசிக் குழாய். அதன் மேலே பால்சா மரத்தில் கடைந்த மூக்கு, கீழே அதே மரத்தில் வெட்டிய மூன்றோ நான்கோ செட்டை. வயிற்றுக்குள் மடித்து வைத்த பிளாஸ்ரிக் பரசூட். வாலில் கரிமருந்து இறுக்கிய ஒரு மோட்டர். 18 மில்லிமீற்றர் விட்டம், 70 மில்லிமீற்றர் நீளம், ஏறத்தாழப் பெருவிரல் அளவு. தூர நின்று பொத்தானை அமத்தினால் ‘சூ’ என்று போகும். மருந்து தீர்ந்த பிறகும் போன வேகத்தில் கொஞ்சம் ஏறும். உச்சியில் மோட்டருக்குள் இருக்கும் சின்ன வெடி முன்பக்கமாக வெடித்து மூக்கைக் கழற்ற, பரசூட் விரிந்து இறங்கும். புது மோட்டர் போட்டால் திரும்பவும் விடலாம். தீபாவளி வாணம் போனால் போனதுதான். இது திரும்பி வருகிற வாணம். அதுதான் இந்தக் கலையின் முழுத் தத்துவமும், முழுத் தொல்லையும்.

1954ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், நோர்ஃபோக் என்ற ஊரில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் இதைக் கண்டுபிடித்தார். அவருக்கு வாணவேடிக்கைப் பைத்தியம், சகோதரர் ரொபேட்டுக்கு மாதிரி விமானப் பைத்தியம். இரண்டும் சேர்ந்தால் வேறு என்ன பிறக்கும்? அவர்கள் செய்தது ஒன்று இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறகு வேர்ன் எஸ்டெஸ் என்பவர் கொலராடோவில் 5.5 செக்கனுக்கு ஒரு மோட்டர் அடித்துத் தள்ளும் இயந்திரம் ஒன்றைக் கட்டி, அதற்கு ‘மேபல்’ என்று பெயரும் வைத்தார். மோட்டர் மலிந்ததும் கிட்டுகள் வந்தன. குழாய், மூக்கு, மரத்தகடு, பரசூட், ஒட்டுகிற படம், செய்முறைத் தாள் எல்லாம் ஒரே பொதியில். 1960களிலும் 70களிலும் சில டொலருக்கு விற்ற அந்தப் பொதிகள்தான் இந்த ஆய்வின் மூல நூல்கள்.

அந்தக் கிட்டுகளைக் கட்டாமல், பறக்க விடாமல், பிரிக்காமல் இன்றைக்கு வாங்கி அடுக்குவோர் ஒரு சாரார். பழைய செய்முறைத் தாளைத் தேடி எடுத்து, புதுக் குழாயிலும் புது மரத்திலும் அதே ரொக்கெட்டை அச்சொட்டாகச் செய்து பறக்க விடுவோர் இன்னொரு சாரார். யாருடைய கையில் இருப்பது உண்மையான ரொக்கெட்? இதுவே வினா.

சொல்லாராய்ச்சி

பிரதி செய்வதை இந்தத் துறையில் ‘குளோன்’ என்கிறார்கள். தமிழில் ‘போலி’, ‘நகல்’ என்று சிலர் பெயர்ப்பார்கள். இரண்டும் பிழை. குளோனுக்கு நம்மிடம் ஆதியிலிருந்தே சொல் உண்டு: வாழைக்குட்டி. தாய்வாழையின் கிழங்கிலிருந்து கிளம்பும் குட்டி தாயேதான். விதையில்லை, கலப்பில்லை, உயிரியல்காரர் சொல்லும் குளோன் என்பதற்குச் சரியான இலக்கணம். குட்டியில் குலை தள்ளிய கதலியைச் சாப்பிட்டுவிட்டு ‘இது போலி’ என்று துப்பியவன் எந்த ஊரிலும் இல்லை. ஆகவே பிரதி செய்வோரைக் குட்டிக்காரர் என்றும், பிரிக்காமல் சேர்ப்போரைப் பெட்டிக்காரர் என்றும் இந்த நூல் வழங்கும்.

இன்னொரு சொல் ‘கேட்டோ’. மோட்டர் பறக்காமல் வெடித்துச் சிதறினால் உலகெங்கும் ரொக்கெட்காரர்கள் சொல்லும் சொல் இது. ஆங்கிலச் சுருக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘கேடு’ என்பது வேற்றுமை ஏற்கும்போது ‘கேட்டை, கேட்டால்’ என்று டகரம் இரட்டும் என்பதை அறிந்த எவருக்கும் இதன் பிறப்பிடம் விளங்கும். ஓகாரம் இரக்கப்பொருளில் வந்தது. இதற்குமேல் சான்று கேட்போர் தமிழ்ப் பகைவர்.

சூத்திரமும் உரையும்

திறவாப் பெட்டி விலைபெறும்; திறந்தது விலையிழக்கும்.

என்பது சூத்திரம். என் நுதலிற்றோ எனின், பெட்டிக்காரரது ஒழுக்கம் உணர்த்துதல் நுதலிற்று. ‘திறவா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். திறக்காத, திறக்கப்போகாத, வேறொருவரையும் திறக்கவிடாத என்று முக்காலத்துக்கும் பொருள்படும். ‘விலைபெறும்’ என்றாரேனும், விற்பவர் எவரையும் உரைகாரர் இதுவரை கண்டிலர்.

இந்தச் சூத்திரத்துக்கு நடமாடும் எடுத்துக்காட்டு என் மச்சான். ஸ்காபரோவில் மார்க்கம் வீதிக்கு அருகே, அவர் வீட்டு நிலவறையில், சூடாக்கும் உலைக்குத் தூரமாகவும் சலவை இயந்திரத்துக்கு இன்னும் தூரமாகவும் ஓர் அலமாரி இருக்கிறது. அதில் பதினொரு பொதிகள். அவற்றின் நடுவே கண்ணாடித்தாள் சுற்றிய, 1970களின் எஸ்டெஸ் பெட்டி ஒன்று. எந்த மொடல் என்று எழுதக்கூடாதாம். எழுதினால் விலை ஏறி, இரண்டாவது ஒன்று வாங்க முடியாமல் போய்விடுமாம். ஆய்வு நெறி கருதிப் பெயர் மறைக்கிறேன்.

மாதத்தில் ஒரு நாள் மச்சான் அந்தப் பெட்டியை எடுத்துக் காதருகே பிடித்து மெல்லக் குலுக்குவார். ‘கலகல’ என்று கேட்டால் மூக்கு இருக்கிறது. ‘சரசர’ என்று கேட்டால் செய்முறைத் தாள் இருக்கிறது. ஆவணக் காப்பியலில் இந்த முறை வேறெங்கும் பதிவாகவில்லை.

“திறந்து பாத்தா என்ன மச்சான்?”

“உனக்கு விசரோ? திறந்தா அது வெறும் மரத்துண்டு.”

சைவசித்தாந்தம் படித்த எவருக்கும் இந்த நிலை புதிதல்ல. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. கட்டுண்டு கிடக்கும் பசு, ரொக்கெட். கட்டியிருக்கும் பாசம், பெட்டி. பதி யார் என்பதில் மச்சானுக்கும் அவர் மனைவிக்கும் கருத்து வேறுபாடு உண்டு. மும்மலங்களையும் அந்த அலமாரியிலேயே காட்டலாம். “இப்பிடி ஒண்டு வேற ஆரிட்டையும் இல்லை” என்பது ஆணவம். மாதக் கடைசியில் வரும் கடனட்டைக் கணக்கு, முன்வினைப் பயனாகிய கன்மம். உள்ளே இருப்பதைக் காட்டுவதுபோல் காட்டி அடைய விடாத கண்ணாடித்தாள், மாயை. மலபரிபாகம் கூடி, சத்திநிபாதம் நிகழ்ந்து, பசு மேலே போவது எப்போது? மச்சான் உயிரோடு இருக்கும்வரை இல்லை என்று அவர் மகள் சொல்கிறாள்.

ஆனால் ஒரு விஷயம் இந்தத் தத்துவத்துக்குள் அடங்கவில்லை. அமெரிக்காவில் இப்படிச் சேர்ப்பவர்களுக்குப் ‘மறுபடி பிறந்த ரொக்கெட்காரர்’ என்று ஒரு பட்டம் உண்டு. சிறு வயதில் விட்டு, பெண்களும் கார்களும் வந்து மறந்து, நாற்பதில் திரும்பி வருகிறவர்கள். மச்சான் திரும்பி வரவில்லை. சிறு வயதில் அவர் கையில் எந்தக் கிட்டும் இருந்ததில்லை. பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில் முழுப்பக்க விளம்பரம் ஒன்றைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுபோகத் தரமாட்டோம் என்று சொன்னதால் ஒரு கிழமை தொடர்ந்து போய்ப் பார்த்திருக்கிறார். தொலைத்ததைத் தேடுகிறவன் கிடைத்ததும் திறப்பான். பார்க்க மட்டுமே கிடைத்ததை வாங்கினவன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். பெட்டி மரபைப் பழித்து எழுத உட்கார்ந்த எனக்கு இந்த இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது.

குட்டி மரபு

எதிர்க்கட்சித் தலைவர் அண்ணை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஊரில் நில அளவைப் படவரைஞர். கையெழுத்தே அச்சுப்போல இருக்கும். அவருடைய நிலவறையில் அலமாரி இல்லை, மேசை இருக்கிறது. மேசையில் வெள்ளைப் பசை, சவரத் தகடு, மணல்தாள், சாப்பிட மறந்த வடை.

குட்டி செய்வது எளிது என்று நினைப்பவர் செய்து பார்க்காதவர். பழைய செய்முறைத் தாள்களை யார் யாரோ புண்ணியவான்கள் பிரதி எடுத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். குழாய்கள் அன்று வைத்த அளவுகளிலேயே இன்றும் விற்பனையாகின்றன. பால்சா மூக்கைக் கடைந்து கொடுக்கவும் ஆட்கள் உண்டு. வட கரோலினாவில் செம்ரொக் என்று ஒரு கம்பனி 1960களின் கடைசியில் தொடங்கி, சில ஆண்டில் மூடி, முப்பது ஆண்டு கழித்துத் திரும்ப எழுந்து பழைய கிட்டுகளின் பிரதிகளையே போட்டது. மறுபிறவிக் கொள்கைக்குக் கம்பனிச் சட்டத்தில் கிடைக்கும் சான்று இது. எஸ்டெஸே தன்னுடைய பழைய கிட்டுகள் சிலவற்றைத் திரும்பப் போட்டது. அந்தச் செய்தி வந்த அன்று மச்சான் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. தாய்வாழையே குட்டி போட்டால் பெட்டிக்காரன் எங்கே போவான்?

சிக்கல் முழுக்கச் செட்டையில். பழைய கிட்டில் செட்டை மரத்தகட்டில் அச்சு வெட்டாக வரும். பிரதிக்காரருக்குக் கிடைப்பது தாளில் உள்ள வரைபடம் மட்டுமே. அதை அச்செடுக்கும்போது அச்சுப்பொறி ‘பக்கத்துக்குப் பொருந்தும்படி’ தானாகச் சுருக்கிவிடும். நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினால் செட்டையின் பரப்பு ஏறத்தாழ ஆறு பங்கு குறையும். செட்டை சிறுத்தால் காற்றழுத்த மையம் முன்னே நகரும். அது எடை மையத்தைத் தாண்டி முன்னே போய்விட்டால் ரொக்கெட் மேலே போகாது, பார்க்க வந்தவர்களைத் தேடிப் போகும். நில அளவைத் திணைக்களத்தில் முப்பது ஆண்டு இருந்தவருக்கு மூன்று வீதம் என்பது காணிச் சண்டை.

அதனால் அண்ணை எஸ்டெஸ் காலத்துச் சோதனையைச் செய்தார். ரொக்கெட்டின் எடை மையத்தில் நூலைக் கட்டித் தலைக்குமேல் சுழற்ற வேண்டும். மூக்கு முன்னே பார்த்தபடி சுற்றினால் நல்லது, வால் முன்னே வந்தால் கேடு. பின்வளவில் எழுபது வயது மனிதர் ஒருவர் ரொக்கெட்டைக் கயிற்றில் கட்டித் தலையைச் சுற்றிச் சுழற்றுவதைப் பக்கத்து வீட்டுச் சீனக்கிழவி வேலிக்கு மேலால் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கதவைப் பூட்டினார். நாவூறு கழிக்கிறார்கள் என்று நினைத்திருக்கலாம். அப்படியென்றால் நம் பண்பாட்டை அவர் சரியாகவே விளங்கியிருக்கிறார்.

மோட்டரைப் பற்றிச் சிறு குறிப்பு. அதன் மேல் ‘சீ 6-5’ என்பதுபோல் எழுதியிருக்கும். எழுத்து மொத்த உந்துவிசையின் வகுப்பு. ஒவ்வோர் எழுத்துக்கும் மேல்வரம்பு இரட்டிக்கும். ஏ என்றால் 2.5 நியூட்டன் செக்கன்வரை, பீ 5, சீ 10. முதல் எண் சராசரி உந்து, இரண்டாவது எண் மருந்து தீர்ந்தபின் பரசூட் வெடிக்கும்வரை உள்ள செக்கன்கள். எழுத்து, அசை, சீர் என்று யாப்பு போலவே ஒழுங்கு. ஒரு வித்தியாசம்: வெண்பாவில் தளை தட்டினால் புலவர் மட்டுமே ஓடி ஒளிவார்.

பெட்டிக்காரர் சிலர் பழைய மோட்டர்களையும் சேர்ப்பதுண்டு. அது அறிவன்று. கரிமருந்துக் குற்றி வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி, கடதாசிக் கூட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் விலகிவிடும். கனடாவில் கராஜுக்குள் தை மாதம் மைனஸ் இருபது, ஆடி மாதம் பிளஸ் முப்பத்தைந்து. அப்படி நாற்பது வருடம் தவம் கிடந்த மோட்டரைப் பற்றவைத்தால் தீ பக்கவாட்டால் பாய்ந்து எல்லாம் ஒரே கணத்தில் முத்தி பெறும்.

பரசூட் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பவுடர் பூச வேண்டும். அண்ணை குட்டிக்கூரா பூசுகிறார். இறங்கி வரும்போது மணக்கிறது. வெடியின் சூடு பரசூட்டைத் தீய்க்காமல் இருக்க, நடுவே தீப்பிடிக்காத பஞ்சு அடைக்க வேண்டும். இங்கே வீட்டுக் கூரைக்குள் குளிர் தாங்க ஊதிவிடும் சாம்பல்நிறக் கடதாசிப் பஞ்சு இதற்கு உத்தமம். மேற்கத்திய ரொக்கெட்காரர்கள் அதன் தோற்றத்தைக் கண்டு அதற்கு இட்ட பெயர், யாழ்ப்பாணத் தமிழில் சொன்னால், நாய்ச்சத்தி. இந்தச் சத்தி வேறு. முன் அதிகாரத்தில் நிபாதமான சத்தி வேறு. மாணாக்கர் மயங்கற்க.

ஏட்டுச் சான்று

தமிழ் மரபு யார் பக்கம்? இதில் எனக்கு ஐயமே இல்லை. பனையோலை சில நூற்றாண்டு தாங்கும். கறையானும் செல்லும் இருந்தால் அவ்வளவும் தாங்காது. சங்கப் புலவன் எழுதிய ஓலை ஒன்றுகூட நம்மிடம் இல்லை. இருப்பவை எல்லாம் குட்டிகள், குட்டியின் குட்டிகள். ஏடு பழுதாக முன் யாரோ ஒருவன் உட்கார்ந்து எழுத்தாணியால் கீறிப் புது ஏடு செய்தான். பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டதும் உண்டு. நம் தாத்தாமார் பெட்டிக்காரராய் இருந்திருந்தால் இன்றைக்குச் சங்கம் என்றால் கூட்டுறவுச் சங்கம் மட்டுமே.

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியது 1887ல். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதும் அதே 1887ல். இருவரும் ஊரூராய் அலைந்து ஏடு வைத்திருந்தவர்களைக் கெஞ்சினார்கள். ஏடு வைத்திருந்தவர்களில் சிலர் கொடுத்தார்கள். சிலர் ‘எங்கள் வீட்டுப் பூசைப்பெட்டியில் இருக்கிறது, எடுக்கக்கூடாது’ என்றார்கள். எனவே பெட்டிக்காரரும் நம் மரபினரே. அவர் ஒருவர் வைத்திருக்காவிட்டால் பிள்ளையவர்கள் எதைப் பார்த்துப் பிரதி செய்திருப்பார் என்று மச்சான் கேட்டார். நல்ல கேள்வி. பதிலை அடுத்த பதிப்பில் சேர்ப்பேன்.

அண்ணையின் ஊர் வல்வெட்டித்துறை. முத்துமாரியம்மன் கோயில் இந்திர விழாவில் புகைக்குண்டு விடுவார்கள்: மெல்லிய கடதாசியை வெட்டி ஒட்டி, ஆள் உயரத்தையும் தாண்டிய கூடு செய்து, கீழே தீமூட்டிப் புகையை நிரப்பினால் அது பொங்கி எழுந்து கடலுக்கு மேலால் போய்விடும். போனது திரும்பாது. திரும்பவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. அடுத்த சித்திரா பௌர்ணமிக்குப் புதுக் கடதாசி, பழைய அளவு. “மூலப் புகைக்குண்டு எது அண்ணை?” என்று ஆய்வாளனாகிய நான் கேட்டதற்கு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஒரே ஒரு முறைதான் அவருக்குக் கோபம் வந்தது. “என்ன இருந்தாலும் அண்ணை, நீங்கள் செய்யிறது பொய்தானே” என்று மச்சான் சொல்லிவிட்டார்.

“1981ல எரிச்சாங்கள். பிறகு அதே மாதிரிக் கட்டினாங்கள். நீ போன முறை போய் முன்னால நிண்டு படம் எடுத்தனியெல்லே, எங்கட லைப்ரரி, அது பொய்யோ?”

மச்சான் பதில் சொல்லவில்லை. அண்ணை பசைப் போத்தலின் மூடியைத் தேடத் தொடங்கினார். அது அவர் கையிலேயே இருந்தது.

ஏரிக்கரைச் சான்று

இந்த விவாதத்தை ரொறன்ரோ நமக்கு முன்பே ஊர் அளவில் நடத்தி முடித்திருக்கிறது. முடித்திருக்கிறது என்பது மிகை, நடத்திக்கொண்டிருக்கிறது.

நகரின் மேற்கே, இன்றைய பியர்சன் விமான நிலையம் இருக்கும் மால்ரனில், அவ்ரோ கனடா கம்பனி 1950களில் ஏரோ என்ற போர்விமானத்தைக் கட்டியது. முதல் விமானத்தை வெளியே இழுத்து வந்து காட்டிய நாள் 1957 அக்டோபர் 4. சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் அதே நாள். மறுநாள் விமானத்தை யார் பார்த்தார்கள்? சாதகத்தில் கண்டம் என்றால் இதுதான். 1958 மார்ச் 25ல் அது பறந்தது. 1959 பெப்ரவரி 20, வெள்ளிக்கிழமை, அரசாங்கம் திட்டத்தை நிறுத்தியது. 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஒரே நாளில் வேலை போனது. பறந்த ஐந்தையும், கட்டிக்கொண்டிருந்தவற்றையும், வாயுத் தீயால் துண்டு துண்டாக வெட்டினார்கள். தப்பிய ஒரு மூக்குப்பகுதி ஒட்டாவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூலம் இல்லாத ஊரில் குட்டி தவிர வேறு வழியில்லை. டவுன்ஸ்வியூவில் இருந்த விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் தொண்டர்கள் கூடிப் பல ஆண்டு உழைத்து முழு அளவில் ஓர் ஏரோவைக் கட்டி 2006ல் திறந்து காட்டினார்கள். சிறகு நுனிக்கு நுனி 15 மீற்றர். 2011ல் அருங்காட்சியகம் அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தது, விமானமும் கிளம்பியது. இப்போது நகருக்கு வடக்கே ஈடன்வேல் விமான நிலையத்தில் இருக்கிறது. வாடகை வீட்டுக்காரன் எழும்பச் சொன்னால் சட்டி பெட்டியோடு நகரம் விட்டுத் தள்ளித் தள்ளிப் போவது நம்மவருக்கு மட்டும் விதித்ததல்ல என்று அறிய ஓர் ஆறுதல்.

மாதிரி ரொக்கெட் இயலுக்கு இதைவிட முக்கியமானது ஏரிக்கு அடியில் கிடந்தது. முழு விமானத்தைக் கட்ட முன், 1954 முதல் 57 வரை, அதன் எட்டில் ஒரு பங்கு மாதிரிகளைச் செய்து, ‘நைக்’ ரொக்கெட்டின் தலையில் ஏற்றிச் சுட்டுச் சோதித்தார்கள். மொத்தம் 11. இரண்டை வர்ஜீனியாவின் வலப்ஸ் தீவிலிருந்தும், ஒன்பதை ரொறன்ரோவுக்குக் கிழக்கே பொயின்ற் பீற்றர் என்ற முனையிலிருந்து ஒன்ராறியோ ஏரிக்கு மேலாகவும். ஒன்பதும் தண்ணீரில் விழுந்தன. பரசூட் இல்லை, குட்டிக்கூரா இல்லை. அறுபது ஆண்டு கழித்து 2017ல் ஏரியடியில் ஒரு சோதனை மாதிரியைக் கண்டுபிடித்து, 2018ல் தூக்கி எடுத்து, ஒட்டாவாவுக்குக் கொண்டுபோனார்கள்.

இந்தச் செய்தியை நான் மச்சானிடமும் அண்ணையிடமும் ஒருங்கே சமர்ப்பித்தேன். தீர்ப்பு வருவதற்குப் பதிலாக வழக்கு இரட்டித்தது.

“பாத்தியே, ஏரிதான் பெட்டி. ஒருத்தரும் திறக்காதபடியாத்தான் மிஞ்சினது” என்றார் மச்சான்.

“பறந்தபடியாத்தான் தேடினவங்கள். அலுமாரியில இருந்திருந்தா அதையும் வெட்டியிருப்பாங்கள்” என்றார் அண்ணை.

ஆய்வாளன் கவலை வேறு. நம் சூத்திரப்படி குட்டி பறக்க வேண்டும், மூலம் கிடக்க வேண்டும். இங்கேயோ முழு அளவுக் குட்டி தரையை விட்டு எழவில்லை. பெட்டியில் கிடந்ததோ பறந்துவிட்டுக் கிடந்தது. எடுத்துக்காட்டு கொள்கையோடு ஒத்துப்போகாதபோது எடுத்துக்காட்டைக் கைவிடுவது கல்வி உலக வழக்கம். ஆனால் எனக்கு இதில் ஒரு பிரியம் விழுந்துவிட்டது. ஏனெனில் அந்த ‘நைக்’கின் இன்னொரு பிறப்பை நாம் அறிவோம். 1963 நவம்பர் 21ல் கேரளத்துத் தும்பாவிலிருந்து இந்தியா ஏவிய முதல் ரொக்கெட் நைக்-அப்பாச்சி. அந்த ஆண்டு பயிற்சிக்காக இராமேஸ்வரத்து அப்துல் கலாம் போன இடங்களுள் ஒன்று அதே வலப்ஸ் தீவு. அங்கே சுவரில் திப்பு சுல்தானின் ரொக்கெட் படையின் ஓவியத்தைக் கண்டு வியந்ததை அவரே எழுதியிருக்கிறார். ஒன்ராறியோ ஏரியில் விமானக் குட்டியை வீசிய அதே இனத்து மோட்டர் அரபிக்கடலோரத்தில் ஒரு நாட்டின் வானத்தைத் திறந்தது. இது எந்தக் கட்சிக்கும் சான்றாகாது. சொல்லாமல் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கள ஆய்வு

கொள்கை இழுபட்டதால் பரிசோதனைக்கு இறங்கினோம். மச்சானின் பெட்டியில் உள்ள அதே மொடலை அண்ணை செய்து முடித்திருந்தார். முதலில் எடை. மச்சானின் மனைவி இட்லி மா நிறுக்கும் தராசில் குட்டியை வைத்தோம். செய்முறைத் தாளில் சொன்ன எடையைவிடப் பதினான்கு கிராம் கூட. பெயின்ற் என்றார் அண்ணை. கொழுப்பு என்றார் மச்சான். பெட்டியைத் தராசில் வைக்க மச்சான் சம்மதிக்கவில்லை, மா ஒட்டுமாம்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு. நகருக்கு வடக்கே, உரிமையாளரின் அனுமதியோடு ரொக்கெட் விடும் ஒரு வெட்டவெளி. மூன்று பக்கமும் ஆளை மறைக்கும் சோளக்காடு. மச்சான் தன் பெட்டியையும் கொண்டுவந்தார். முன் இருக்கையில் வைத்துப் பெல்ற் போட்டு, வெயில் படாமல் துவாய் போர்த்தி. “அதுவும் ஒருக்காப் பாக்கட்டும்” என்றார். நான் சிரிக்கவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

பீ 6-4. எண்ணிக்கை பத்திலிருந்து இறங்கியது; அண்ணை தமிழில் எண்ண, ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே இருமல் வந்ததால் ஏழை இரண்டு தரம் சொன்னார். பொத்தான். சூ. நேராகப் போனது. மூன்று வீதச் சந்தேகம் எல்லாம் புகையோடு போனது. உச்சியில் ஒரு வெள்ளைப் பொட்டு, பிறகு ‘டப்’, சிவப்பு வெள்ளைப் பரசூட். மச்சான் காருக்கு வெளியே நின்று வாயைத் திறந்தபடி பார்த்தார். அந்தக் கணத்தில் அவருக்கு வயது பன்னிரண்டு என்று எழுத ஆய்வு நடை இடம்தராது.

அப்போது ஏரிப்பக்கத்துக் காற்று எழும்பியது. பரசூட் அவசரமே இல்லாமல் வடக்கே நடந்து, சோளக்காட்டுக்குள் இறங்கியது. மூன்று பேரும் இரண்டு மணித்தியாலம் தேடினோம். சோளத்துக்குள் எல்லா வரிசையும் ஒரே வரிசை. எங்கோ ஓரிடத்தில் குட்டிக்கூரா மணந்ததாக அண்ணை சொன்னார். கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணை, “பரவாயில்லை, இன்னொண்டு செய்வம். ஆனா இந்த முறை செட்டை சரியா வரவேணும். உள்ளுக்க இருக்கிற மரத்தகட்டை ஒருக்கா அளந்தாப் போதும் தம்பி” என்றார். தாமோதரம்பிள்ளை ஏட்டுக்காரர் வாசலில் நின்ற அதே குரல். மச்சான் வண்டி ஓட்டிக்கொண்டே நெடுநேரம் யோசித்தார். 401 நெடுஞ்சாலையில் நெரிசல், யோசிக்கத் தாராளமாக நேரம் இருந்தது.

மூன்றாம் நாள் அவரே ஒரு தீர்வோடு வந்தார். பெட்டியைத் திறக்காமல் உள்ளே பார்க்கும் வழி. ஒட்டாவாவுக்குப் பிளேனில் போவது, பெட்டியைக் கைப்பொதியாகக் கொண்டுபோவது. விமான நிலையத்தில் அதை எக்ஸ்ரே பார்த்தே ஆகவேண்டும். திரையில் செட்டை தெரியும். பக்கத்தில் நின்று ஒரு படம். போன கையோடு அருங்காட்சியகத்தில் ஏரிக்கடியில் கிடந்த மாதிரியையும் பார்த்து வரலாம். அண்ணை உடனே ஒரு இரும்பு அடிமட்டம் கொடுத்தார். பெட்டியின் பக்கத்தில் அதையும் வைத்தால் அளவு தெரியுமாம்.

பால்சா எக்ஸ்ரேயில் பஞ்சுபோலத்தான் தெரியும், காகிதத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இராது என்று சொல்ல நினைத்தேன். அதைவிட அவசரமான ஒன்று நினைவுக்கு வந்தது.

“மச்சான், பெட்டியில பெரிய எழுத்தில ‘ரொக்கெட்’ எண்டெல்லே போட்டிருக்கு?”

“ஓம். அதுக்கென்ன?”

“அவங்கள் கத்தியால வெட்டித் திறந்து பாத்தா?”

இரண்டு நாள் மச்சானிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. வியாழக்கிழமை காலை அண்ணையின் அடிமட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார். ஒட்டாவாவுக்குப் பஸ்ஸில் போகிறாராம். ஐந்து மணித்தியாலம். இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறார். யன்னல் பக்கம் பெட்டிக்கு.